தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டம் ஒழிந்த பின்னும் கிராமப் பள்ளிகள் ஏன் பின்தங்கியே நிற்கின்றன?

கோத்தகிரி ஆசிரியை:
வகுப்பில் நெல்சன் மண்டேலாவைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி, "1994-லேயே எல்லாம் மாறிவிட்டது என்றால், அங்கே கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் ஏன் இன்னும் அப்படியே இருக்கின்றன, டீச்சர்?" என்று கேட்டாள். 1953-ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் வரை விளக்கினேன். அதற்குமேல் நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, அந்தச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளை உடலுழைப்புக்கு மட்டுமே ஆயத்தப்படுத்தியது. வெள்ளையர் பிள்ளைக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கையே அவர்களுக்கு ஒதுக்கியது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோதிலும், பள்ளியின் நிர்வாகக் குழு பெற்றோரிடம் கட்டணம் பெற்றுக் கூடுதல் ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ளவும் இடமளித்தது. என் பார்வையில் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நகரத்துப் பழைய வெள்ளையர் பள்ளி அப்படி வளர்ந்தது. கிழக்குக் கேப், லிம்போப்போ மாகாணங்களில் உள்ள கிராமப் பள்ளி யாரிடம் போய்க் கட்டணம் கேட்கும்? 2007 முதல் ஏழைப் பகுதிகளில் கட்டணமில்லாப் பள்ளிகள் வந்தது நல்ல ஏற்பாடே. ஆனாலும் 2014-இல் லிம்போப்போவில் 5 வயதுக் குழந்தை ஒன்று பள்ளியின் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து இறந்தது. அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்விலோ, அந்நாட்டின் 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து படிக்க இயலவில்லை.

உதகை வழக்கறிஞர்:
அமெரிக்காவிலும் இதே நிலைதான். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென்று 1954-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, சொத்துவரியைச் சார்ந்த பள்ளி நிதியில் உள்ள ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணன்று என 1973-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நிலத்துக்கு விலையில்லாத ஊரில் பள்ளிக்கும் பணமில்லை என்றாயிற்று.

கூடலூர் ஆசிரியர்:
நம் மலையில் அத்தகைய சட்டம் இருந்ததில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வாரிசுகளே பெரும்பாலும் படிக்கிறார்கள். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்புறம் 3-ஆம் வகுப்புக்கும் வலப்புறம் 4-ஆம் வகுப்புக்கும் எழுதிப்போடுகிறேன். ஆடி மழையில் தகரக் கூரை அதிரும்போது என் குரல் எந்தப் பக்கமும் எட்டுவதில்லை. வேனுக்குப் பணம் கட்ட முடிந்த பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிகாரிகளிடம் மனு கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்களும் அவர்களோடு போய்விடுகிறார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. நாளை அந்தக் கட்டணச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். கூடலூர் ஐயா, உங்கள் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள்?

கூடலூர் ஆசிரியர்:
23 பேர், அம்மா. 1-ஆம் வகுப்பில் 2 பேர்.