அவசர உதவி: பழைய மொய் லிஸ்டில் பேரைத் தேடினால் வரவில்லை

உசிலை_தம்பி:
வணக்கம். தம்பி கல்யாணம் நெருங்கிவிட்டது. அக்கா கல்யாணத்து மொய் லிஸ்டை எக்செலில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஊர் வாரியாகப் பிரித்துப் பத்திரிகை வைக்க வேண்டும். பேர் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் "இல்லை" என்கிறது. சில பேர் இடம் மாறியும் கிடக்கிறது. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்த எக்செல்? போனிலா லேப்டாப்பிலா? லிஸ்டை அடித்தது யார்? எத்தனை பேர்?

மாட்டுத்தாவணி:
இதற்குத்தான் நோட்டே போதும் என்கிறோம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துச் செய்முறை நோட்டு (மொய்க் கணக்கு நோட்டு) இன்னும் இருக்கிறது. ஊருக்கு ஒரு பக்கம், திருப்பிச் செய்தால் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக். கரண்ட் போனாலும் படிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பல தடவை பதில் சொல்லியாயிற்று. இந்தக் குழுவின் பழைய இழைகளை (கேள்வி-பதில் தொடர்களை) படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பேருக்கு முன்னாலோ பின்னாலோ ஸ்பேஸ் இருக்கும், அதை நீக்கும் ட்ரிம் (TRIM) ஃபார்முலா போடுங்கள். அடிப்படை இது.

உசிலை_தம்பி:
ட்ரிம் போட்டும் வரவில்லை அண்ணே. லேப்டாப்தான். அக்கா கல்யாணத்தில் மொய் எழுத வந்த கம்ப்யூட்டர்காரர் கொடுத்த டெக்ஸ்ட் ஃபைல்.

பழைய_டிடிபி:
தம்பி, பேர் இருக்கும் காலத்தை (column) முழுக்க செலக்ட் செய்து ஃபான்ட்டை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நிற்கிறதா, இங்கிலீஷ் எழுத்தாகச் சிதறுகிறதா? அப்புறம், இடம் மாறிய பேர்களில் நாலைந்தை இங்கே போடுங்கள்.

உசிலை_தம்பி:
இங்கிலீஷ் எழுத்தாகப் போகிறது! இடம் மாறினவர்கள்: கருமாத்தூர் இருளப்பன், செக்கானூரணி இளங்கோ, ஆண்டிபட்டி இந்திராணி, இன்னொரு இளங்கோ. பேர்க் காலம் காலியாக இருக்கிறது, ஊர்க் காலத்தில் "ருளப்பன்" என்று வருகிறது, தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஊர்.

பழைய_டிடிபி:
அப்படியானால் விஷயம் தெளிவு. அது பாமினி ஃபான்ட். பாமினியில் தமிழ் எழுத்து என்று உள்ளே எதுவும் கிடையாது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தான், ஃபான்ட் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. நீங்கள் தேடும்போது அடிப்பது யூனிகோடு, அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இடம் மாறியதற்கும் அதுதான் காரணம். பாமினியில் "இ" என்பது கமா. உங்கள் ஃபைல் கமா போட்டுக் காலம் பிரித்த ஃபைல். பேரின் முதலில் இருக்கும் இ-யை எக்செல் கமா என்று எடுத்துக்கொண்டு, அங்கேயே வெட்டி மிச்சத்தை அடுத்த காலத்துக்குத் தள்ளிவிட்டது. புள்ளி என்பது செமிகோலன். அதை வைத்துப் பிரித்திருந்தால் மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் உடைந்திருக்கும்.

அவசரப்பட்டு ஃபைலை அப்படியே யூனிகோடுக்கு மாற்றிவிடாதீர்கள். காலம் பிரிக்கும் கமாவும் இ ஆகிவிடும். முதலில் கம்ப்யூட்டர்காரரிடம் கமாவுக்குப் பதில் டேப் (Tab) வைத்துக் காலம் பிரித்த ஃபைல் கேளுங்கள். அதை எக்செலில் திறந்து, பேர், ஊர் காலங்களை மட்டும் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தொகைக் காலத்தைத் தொட வேண்டாம். அவர் தராவிட்டால், கடைசிக் காலத்துக்கும் அப்பால் ஏதாவது விழுந்திருக்கும் வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து, கையாலேயே ஒரு கட்டம் இழுத்து இ சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் இ-யில் தொடங்குகிறவர்கள்தான் இருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
கம்ப்யூட்டர்காரரை நம்புவதே தவறு. அது கிடக்கட்டும், வரியைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? பேர், ஊர், தொகை எல்லாம் ஃபைலாக இருந்தால் வருமான வரிக்காரர் கேட்டால் அப்படியே கொடுக்க வேண்டியதுதான்.

மாட்டுத்தாவணி:
கல்யாண மொய்க்கு வரி கிடையாது.

கணக்குப்பிள்ளை:
அந்த விலக்கு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தான். அப்பா பேரில் எழுதும் மொய்க்கு இல்லை. சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். காதுகுத்து, புதுமனை புகுவிழாவுக்கு அந்தக் கல்யாண விலக்கே கிடையாது. படித்துவிட்டுப் பேசுங்கள்.

கீரமங்கலத்தான்:
மொய் எப்படிப் பரிசாகும்? எங்கள் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கிறோம். வாங்கியதைக் கூட்டித் திருப்பிச் செய்கிறோம். கிணறு வெட்டியதும் பிள்ளைகள் படித்ததும் அந்தப் பணத்தில்தான். இது கைமாற்று.

கணக்குப்பிள்ளை:
கைமாற்று என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் மோசம். கடனை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது.

கீரமங்கலத்தான்:
அவ்வளவு பெரிய மொய் ஊரில் எத்தனை பேர் செய்கிறார்கள்? நூறும் ஐந்நூறுமாகச் சேருவதுதான் மொய். அதைக் குற்றம் மாதிரிப் பேசாதீர்கள்.

வைகைக்கரை:
ஐயா, தம்பி கேட்டது தேடல் பிரச்சினை. வரிச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, புது மொய்க்கு நான் ஒன்று சொல்கிறேன்: இன்ஷியலை மட்டும் நம்பாதீர்கள். அப்பா பேர், தெரு, பட்டப்பேர் மூன்றுக்கும் தனிக் காலம் வையுங்கள். எங்கள் ஊரில் ஒரே தெருவில் மூன்று கா. முருகன் உண்டு. பாத்திரம், பீரோ கொடுத்தவர்களையும் அதே லிஸ்டில் எழுதுங்கள். தொகைக் காலத்தில் பொருளின் பேரை எழுதினால் கூட்டலில் சேராது, அதற்குத் தனிக் காலம்.

உசிலை_தம்பி:
டேப் ஃபைல் வாங்கிவிட்டேன். மாற்றினேன். இருளப்பன் மாமா கருமாத்தூர் லிஸ்டுக்கு வந்துவிட்டார். பழைய டிடிபி அண்ணனுக்கு ரொம்ப நன்றி. பத்திரிகை வைக்கக் கிளம்புகிறேன்.

பழைய_டிடிபி:
நல்லது தம்பி. மண்டபத்தில் மொய் எழுதுகிறவரிடம் இந்தத் தடவை யூனிகோடில்தான் அடிக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சோழவந்தான்_செல்வி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் இ இல்லை, "ஸ்ரீ" வருகிற பேரெல்லாம் கெட்டுப்போகிறது. யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

பழைய_டிடிபி:
எந்த ஃபான்ட்? எந்தக் கன்வர்ட்டர்?