இரு விரல் சோதனை 2022-இல்தான் ஒழிந்ததாம்!

நடுப்பகல்:
பக்கத்து இழையில் வெண்ணிலவன் அருளியது: “2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரு விரல் சோதனையைத் தடை செய்தது, அதோடு பெண்ணின் நடத்தையை அளக்கும் புத்தியும் போய்விட்டது.” இதற்குப் பதினேழு கைதட்டல். வல்லுறவுப் புகார் கொடுத்தவளின் பிறப்புறுப்பில் இரு விரல் விட்டு, அவள் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவளா என்று மருத்துவர் பார்க்கும் அந்தச் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று 2013-லேயே லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதல் ‘செய்யவே கூடாது’ என்றது. 2022-இல் அடித்தது மூன்றாவது மணி. முதல் மணிக்கே எழுந்திருந்தால் மூன்றாவது எதற்கு?

வெண்ணிலவன்:
வந்துட்டாருய்யா. 2013 தீர்ப்புல ‘தடை’ங்கிற சொல் எங்கே இருக்கு, காட்டுங்க. 2022-லதான் இனி அதைச் செய்யறவர் ஒழுங்கீனம் செஞ்சவர்னு வந்தது. பல் இருந்தாத்தான் சட்டம். ஆகவே 2022.

நடுப்பகல்:
பல்லைப் பற்றிப் பேசுபவர் பழைய மருத்துவச் சான்றைப் பார்த்ததுண்டா? ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் விரல். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியச் சட்டம் 155(4)-ஐத் தூக்குவார்: புகார் கொடுத்தவள் ‘ஒழுக்கம் கெட்டவள்’ என்று காட்டிவிட்டால் அவள் சாட்சியம் செல்லாக்காசு. அந்தப் பிரிவு 2003-இல் போனது. 2013-இல் அதே சட்டத்தில் 53ஏ பிரிவு வந்தது. சம்மதம் இருந்ததா என்ற கேள்வியில் அவளது முன் அனுபவத்தை இழுக்கவே கூடாது என்றது. இப்போது அது, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 48-ஆம் பிரிவு. அந்த வரிக்கு வேலை இல்லாமல் போன பிறகும் விரல் போகவில்லை. சட்டம் மாறினால் புத்தி மாறிவிடும் என்பவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

குட்டிச்சுவர்:
சார், 155(4) போனது 2003 இல்ல. 2002 டிசம்பர் 31-லிருந்தே அமல். சட்ட எண்தான் 2003-இன் 4.

நடுப்பகல்:
ஒரு நாள் வித்தியாசத்துக்கு ஒரு பதிவா?

குட்டிச்சுவர்:
ஒன்பது வருஷ வித்தியாசத்துக்கு நீங்க எத்தனை போட்டிருக்கீங்க?

முல்லைக்கொடி:
வருஷத்தையே பிடிச்சுத் தொங்குங்க. வழக்கு தோக்குறது வேற இடத்துல. பாதிக்கப்பட்டவ சம்பவம் நடந்த 96 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தா ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியில உடம்புலேர்ந்து எடுக்கிற மாதிரி, எல்லாம் எடுத்தாகணும். ஈர ஸ்வாபை நிழல்ல உலர்த்தாம கவர்ல போட்டா பூஞ்சை பிடிச்சு டிஎன்ஏ கெட்டுடும். முத்திரை வெச்சு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சுன்னு எழுதலைன்னா கோர்ட்ல நிக்காது. அறிக்கை 7 நாளுக்குள்ள விசாரணை அதிகாரிக்குப் போகணும். எஃப்ஐஆர் இல்லாமலே பரிசோதிக்கலாம், சிகிச்சை மறுத்தா ஓராண்டு வரை சிறை. இதையெல்லாம் கெடுக்கிறது ‘காயம் இல்லைன்னா சம்மதம்’ங்கிற நினைப்புதான். மிரட்டினா உடம்பு உறைஞ்சுபோகும், மயக்க மருந்து குடுத்திருக்கலாம், நாலு நாள் கழிச்சு வந்தா கீறல் ஆறியிருக்கும். 1978-ல, மதுராங்கிற பொண்ணு போலீஸ் ஸ்டேஷன்ல வல்லுறவு நடந்ததுன்னு சொன்ன வழக்குல ரெண்டு போலீஸ்காரரை விடுவிச்சப்போ உச்ச நீதிமன்றமே காயமில்லாததைக் காரணமாச் சொல்லுச்சு.

வெண்ணிலவன்:
நல்ல பதிவு. ஆனா கற்பழிப்பு வழக்குகள்ல 2022-க்கு அப்புறம்தான்...

நடுப்பகல்:
‘கற்பழிப்பு’! குற்றம் செய்தது அவன், அழிந்தது அவள் கற்பா? புத்தி போய்விட்டது என்று எழுதியவரின் பேனாவிலேயே அது உட்கார்ந்திருக்கிறது.

வெண்ணிலவன்:
சொல்லைப் பிடிச்சுட்டார். போன மாசம் காவிரி இழையில ‘டிஎம்சி’க்குத் தமிழ் கேட்டு நாலு பக்கம் ஓட்டினவர்தானே நீங்க? சரி, வல்லுறவுன்னே வெச்சுக்குங்க. வருஷம் 2022.

நடுப்பகல்:
2022 என்றே வைத்தாலும் அக்டோபர் எப்படி? ஏப்ரலிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இதை உடனே தடை செய்யும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டுவிட்டது. உள்ளூர்ச் செய்திகூடத் தெரியாமல் டெல்லிக் கதை!

வெண்ணிலவன்:
ஆக, 2022-ன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

நடுப்பகல்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? 2013. லில்லு. இன்னொரு முறை எழுதவா?

முல்லைக்கொடி:
ஸ்வாப் உலர்த்துறதைப் பத்தி யாராவது ஏதாவது சொல்றீங்களா?

குட்டிச்சுவர்:
இருங்கக்கா. ‘தடை’ங்கிற சொல்லை அவர் இன்னும் காட்டலை.