நீரிழிவு நோயாளி மாத்திரையை நிறுத்துவது ஏன்: 2 மணி நேர வகுப்பை எப்படி நடத்தலாம்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு, 150 பேர், 5 ஆசிரியர்கள். விரிவுரையாக எடுத்தால் புரோச்சாஸ்காவின் மாற்றக் கட்டங்களை (ஒரு பழக்கத்தை மாற்றுபவர் கடந்துபோகும் படிநிலைகள்) தேர்வில் அழகாக எழுதிவிடுகிறார்கள். வார்டில் போய் நின்றால் அறிவுரை மழைதான். வேறு வழி உண்டா?

பதில் 1: மூவர் குழுக்கள். மருத்துவர், நோயாளி, கவனிப்பவர். ஓர் ஆசிரியருக்கு 30 பேர், அதாவது 10 குழு. முதல் 20 நிமிடம் ஆசிரியர்களே ஒரு மோசமான உரையாடலையும் ஒரு நல்ல உரையாடலையும் நடித்துக் காட்டட்டும். பிறகு 20 நிமிடச் சுற்று மூன்று: 8 பேச, 8 கருத்துச் சொல்ல, 4 வேடம் மாற. மீதி 40 நிமிடம் பொதுக் கலந்துரையாடல்.

உயிர்நாடி நோயாளிக்கான சீட்டுதான். நாலு வரி போதும். அதில் ஒரு வரி ரகசியம்: ‘மெட்ஃபார்மின் போட்டால் வயிற்றுப்போக்கு, அதனால் நிறுத்திவிட்டேன்.’ விரிவாகப் பதில் சொல்ல இடம் தரும் கேள்வியைக் கேட்டுவிட்டு மருத்துவர் காத்திருந்தால் மட்டுமே அதைச் சொல்லலாம். ‘மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?’ என்றால் ‘போடுறேன் சார்’ என்பதே பதில். மூன்று சுற்றுக்கும் வேறு வேறு சீட்டு வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் சுற்றிலேயே ரகசியம் தெரிந்துபோகும். இன்னொன்றில் கூலி வேலை வைக்கலாம்: மாத்திரை இலவசம், ஆனால் வாங்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

பதில் 2: கவனிப்பவரிடம் 20 வரிப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். ‘கண் பார்த்துப் பேசினார்’ என்று டிக் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எண்ணக்கூடிய மூன்று போதும்: நோயாளி பேச ஆரம்பித்து எத்தனை நொடியில் குறுக்கிட்டார், ‘ஏன் போடல?’ என்று எத்தனை முறை கேட்டார் (அது விசாரணையாகத்தான் காதில் விழும்), கடைசியில் புரிந்ததைத் திருப்பிச் சொல்லவைத்தாரா. ‘புரிஞ்சுதாம்மா?’ கணக்கில் வராது, அதற்கு யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘வீட்டுக்குப் போய் எப்படிப் போடப்போறீங்க, சொல்லுங்கம்மா’ என்று கேட்க வேண்டும்.

கருத்துச் சொல்லும்போது மருத்துவராக நடித்தவர் முதலில், அடுத்து நோயாளி, கவனித்தவர் கடைசி. வரிசை மாறினால் நடித்தவர் தற்காப்புக்குப் போய்விடுவார்.

கேட்டவர்: நன்றி மேடம். கட்டங்களை விட்டுவிடலாமா? மதிப்பெண்?

பதில் 3: விடவேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இந்தக் கட்டங்கள் 1983-இல் புகைப்பழக்கத்தை விட முயன்றவர்களை ஆராய்ந்து எழுதியவை. கட்டங்களுக்கு நடுவே கோடு அவ்வளவு தெளிவில்லை என்ற விமர்சனம் இன்றும் உண்டு. இதே திறனை ஆஸ்கி தேர்வில் (மாணவர் நிலையம் நிலையமாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு திறனைச் செய்துகாட்டும் தேர்வு) ஒரு நிலையமாக வையுங்கள். நோயாளியாக அங்கே மாணவர் கூடாது, நண்பருக்குக் கண்ஜாடை காட்டிவிடுவார். பயிற்சி பெற்ற ஒருவரை உட்காரவைத்து, ரகசிய வரியை எப்போது விடுவது என்பதை எல்லாருக்கும் ஒரே மாதிரி பழக்க வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறினால் மதிப்பெண்ணும் மாறும்.