கோயில் கிளைப் பக்கத்துக்கு மட்டும் ஸ்கீமா பிழை, ஏன்?

மாலைக்கடை_மருமகன்:
மாமாவுக்குச் சிங்கப்பூரில் இரண்டு பூமாலைக் கடைகள். ஒன்று தேக்காவில், பஃபலோ ரோட்டில். இன்னொன்று சவுத் பிரிட்ஜ் ரோட்டில், மாரியம்மன் கோயில் பக்கம். இணையத்தளம் என் பொறுப்பு. முன்பு செய்து கொடுத்தவர் முகவரி, கடை நேரம் எல்லாவற்றையும் ஜேசன்-எல்டியில் (தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்துக்குள் வைக்கும் ஸ்கீமா தரவு) ஒரே டெம்ப்ளேட்டாகப் போட்டிருக்கிறார். தேக்கா பக்கத்தை கூகுளின் சோதனைக் கருவியான ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் போட்டால் பச்சை, பிழையில்லை. கோயில் கிளைப் பக்கத்தை மட்டும் பார்ஸ் செய்ய (படித்துப் பிரிக்க) முடியவில்லை என்று கூகுள் சர்ச் கன்சோல் சொல்கிறது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டேன், ஒரு கமா கூட மாறவில்லை.

பொங்கோல்_வாசி:
வேர்டில் எழுதி ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்துவிடும். ஜேசனுக்கு நேர்க்குறிதான் ஆகும். கடைசி ஐட்டத்துக்குப் பிறகு கமா தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

மாலைக்கடை_மருமகன்:
எல்லாம் நேர்க்குறிதான், கமாவும் தொங்கவில்லை. போஸ்டல் கோடுக்கு மட்டும் மேற்கோளே இல்லை. ஆனால் தேக்கா பக்கத்திலும் அப்படித்தானே இருக்கிறது?

பாத்தோக்_அண்ணன்:
தம்பி, வினை அங்கேதான். தேக்கா போஸ்டல் கோடு 2-இல் தொடங்கும், கோயில் பக்கம் 05. மேற்கோள் இல்லாவிட்டால் ஜேசன் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதன் இலக்கணப்படி முழு எண் 0-இல் தொடங்கக் கூடாது. அந்த ஒரு எழுத்தில் பார்சர் நின்றுவிடும், கடை நேரம், போன் நம்பர் உட்பட அந்த பிளாக் மொத்தமும் போச்சு. ராஃபிள்ஸ் பிளேஸ், மரீனா பே பக்கத்துக் கடைகளுக்கும் இதே தலைவலிதான், டெம்ப்ளேட் எழுதுகிறவர்கள் புறநகர் போஸ்டல் கோடை வைத்துச் சோதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

0-வை எடுத்துவிட்டால் பச்சை வந்துவிடும், ஆனால் செய்துவிடாதீர்கள். ஐந்து இலக்கக் கோடு சிங்கப்பூரில் கிடையாது. டெஸ்ட் கருவி இலக்கணத்தைத்தான் பார்க்கும், தபால்காரர் வேலையைப் பார்க்காது. மேற்கோளுக்குள் போடுங்கள், தேக்கா பக்கத்திலும். கிளை விவரம் எக்செலிலிருந்து வருகிறதென்றால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் 0-வை விழுங்கிவிடும்.

டெம்ப்ளேட்டில் கையால் மேற்கோள் போடுவதே எனக்குப் பிடிக்காது. நாளைக்கு மாமா விவரிப்பில் ஒரு மேற்கோள் குறியோ என்டரோ தட்டினால் திரும்ப உடையும். தளம் பிஎச்பி மொழியில் என்றால் ஜேசன்_என்கோட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு விவரங்களை அரேயாகக் (பட்டியலாகக்) கொடுத்துவிடுங்கள், மேற்கோளை அதுவே போடும். போஸ்டல் கோடை மட்டும் ஸ்ட்ரிங்காக (எண்ணாக அல்ல, எழுத்தாக) வைத்திருங்கள்.

பொங்கோல்_வாசி:
ஆமாம், நான் இதை யோசிக்கவே இல்லை. ஸ்கீமா.ஆர்க் வேலிடேட்டரிலும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள், கூகுள் கண்டுகொள்ளாத வகைகளையும் அது சோதிக்கும்.

மாலைக்கடை_மருமகன்:
மேற்கோள் போட்டதும் பச்சை வந்துவிட்டது அண்ணே! இப்போது மாலை விலை பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை. விலைக்கு முன்னால் டாலர் குறி இருக்கிறது, அதுவா?

பாத்தோக்_அண்ணன்:
அதுவாகத்தான் இருக்கும். விலையில் எண் மட்டும், 15.00 மாதிரி. நாணயத்துக்குத் தனிப் புலம் உண்டு, அதில் எஸ்ஜிடி என்று மூன்றெழுத்து.