நரம்புகாப்பா, குளிர்த்தியா? ஒரு கலைச்சொல் இழை

களுவாஞ்சிக்குடி:
வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கான மேலதிக வாசிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூளையில் அழற்சி எழும்போது நரம்புக்கலங்களைச் சாகவிடாமல் காக்கும் பெப்தைட்டுகளுக்கு ஒரு சொல் வேண்டும். உதாரணம் வி.ஐ.பி. (vasoactive intestinal peptide); 28 அமினோவமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. மூளைக்குள் காவலும் துப்புரவும் செய்யும் நுண்கிளியாக் கலத்தின் வாங்கியில் அது பொருந்தினால், உள்ளே செய்தி கடத்தும் சக்கர ஏ.எம்.பி. கூடும்; அழற்சியைத் தூண்டும் ரி.என்.எவ். சுரப்புக் குறையும், அதைத் தணிக்கும் ஐ.எல்.-10 கூடும். ‘நரம்புகாப்புப் பெப்தைட்டு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கல்லடி:
தம்பி, ‘கா’ நல்ல வேர்தான். காவல், காப்புக் கட்டல், காப்புச் செய்யுள் எல்லாம் அதில் முளைத்தவை. ஆனால் இது வேலை பார்ப்பது அழற்சியில். அழற்சியோ அழலில் பிறந்த சொல். வைகாசியில் கண்ணகை அம்மனின் அழலை ஆற்றத்தானே குளிர்த்தி பாடுகிறோம்? குளிர்த்து என்ற பிறவினையோடு இகர விகுதி, இலக்கணமும் இடிக்காது. ‘குளிர்த்திப் பெப்தைட்டு’ என்று வையுங்கள்.

அக்கரைப்பற்று:
அழகான சொல், சேர். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சடங்கு பழக்கமில்லை. காய்ச்சல் மருந்து என்றே நினைப்பார்கள். அதோடு, அழற்சி முழுக்கக் கெட்டதுமில்லை. செத்த கலங்களை நுண்கிளியா விழுங்கித் துப்புரவாக்க வேண்டுமே! பெப்தைட்டு அதை அணைத்துவிடுவதில்லை, போக்கை மாற்றுகிறது. ‘நிர்ப்பீடன நெறிப்படுத்தி’ பொருந்தும்.

கல்முனை:
நிர், பீடனம் இரண்டும் வடசொல். பிள்ளைகள் பொருள் தெரியாமலே பாடமாக்குகிறார்கள். ‘நோயெதிர்ப்பு’ என்றால் என்ன குறைந்துவிடும்?

அக்கரைப்பற்று:
பாடநூலில் நிர்ப்பீடனம்தான் இருக்கிறது. பிள்ளையின் புள்ளியை வைத்து நாம் தூய்மை பார்க்கக்கூடாது.

கல்முனை:
பாடநூலும் மனிதர் எழுதியதுதானே! சரி, ‘காப்பு’க்கு வருகிறேன். வி.ஐ.பி. குருதியில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். காப்பு என்றால் நின்று காப்பதுபோல் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி:
எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கட்டுரை சொல்லட்டும், பெயர் செயலைச் சொன்னால் போதும். 1970இல் பன்றியின் சிறுகுடலிலிருந்து பிரித்தெடுத்ததால் வி.ஐ.பி.க்குக் ‘குடற்பெப்தைட்டு’ என்று பெயர் விழுந்தது. பிறகு நரம்புக்கலங்களிலும் கண்டார்கள். பெயர் மாறவில்லை, இன்றும் பிள்ளைகள் அதைச் சமிபாட்டு அலகிலேயே தேடுகிறார்கள். ஆகவே ‘நரம்புகாப்புப் பெப்தைட்டு’ என்றே அனுப்புகிறேன். விளக்கத்தில் ‘அழற்சியை நெறிப்படுத்தும்’ என்று வரும். நிர்ப்பீடனம் இம்முறை அப்படியே இருக்கட்டும்.

அக்கரைப்பற்று:
சம்மதம்.

கல்முனை:
நிர்ப்பீடனம் தவிர்ந்த மற்றதுக்குச் சம்மதம்.

கல்லடி:
எனக்குச் சம்மதமில்லை, தம்பி. நெறிப்படுத்தல் என்ற சொல்லில் சூடும் இல்லை, ஆறுதலும் இல்லை. அடிக்குறிப்பிலாவது குளிர்த்தியைப் போடுங்கள்.