புதுப்பிப்பு: சிங்கராஜ வனத்துக்குப் போய் வந்தாயிற்று

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் ஒருநாள் நடைக்கு வழிகாட்டி வேண்டுமா, இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். குடாவ வாசலில் வழிகாட்டி கட்டாயம், அது நல்லதுதான். பாதையோரம் சலசலப்புக் கேட்டதும் வழிகாட்டி அண்ணா கை காட்டி எங்களை நிறுத்தினார். கரிச்சான்களும் தவிட்டுக்குருவிகளுமாகப் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடியபடி எங்களைக் கடந்தன. தனியே போயிருந்தால் வெறும் சத்தம் என்று நடந்திருப்போம்!

கெக்குண எல்ல அருவியில் தண்ணீர் சில்லென்று இருந்தது. பாறை நன்றாக வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்து அவசியம்.

அப்புறம் அட்டை. மழை தூறியதும் சருகுக்குள்ளிருந்து எழும்பி, உடலின் பின்நுனியில் நின்று ஆடுகின்றன. நீங்கள் சொன்ன முழங்கால் வரையான துணிக்காலுறை அருமையாகக் காப்பாற்றியது, மிக்க நன்றி. போகிறவர்கள் மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் போங்கள்.