இறங்கல் அல்ல, இரங்கல்

தமிழ் எழுத்துப் பிழைகளோடு பட்ட பாட்டை மதுரைப் பக்கத்து மூன்று பேர் சொல்கிறார்கள்.

பரவையிலிருந்து:

போன வருடம் அப்பா தவறியபோது நான் சென்னையில் இருந்தேன். ஊருக்குக் கிளம்பிய பேருந்தில் உட்கார்ந்துதான் சொந்தபந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் விசைப்பலகை. அது முதலில் காட்டிய சொல்லையே தொட்டுக்கொண்டு போனேன். 'பறவையில் உள்ள எங்கள் இல்லத்தில்' என்று போய்விட்டது. சமயநல்லூர் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊருக்குச் சின்ன 'ர'. பதிலுக்கு வந்ததெல்லாம் 'ஆழ்ந்த இறங்கல்'. நானும் எத்தனையோ வீட்டுத் துக்கத்துக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா தமிழாசிரியராக இருந்தவர். குழுவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறாருல்ல, அதுக்குத்தான்யா பெரிய ற. மனசு இளகுனா அது இரங்குறது, சின்ன ர. உங்கப்பனுக்கு ஊருப் பேர்னா உசுரு. அதையாவது சரியா எழுதியிருக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தை இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

சிம்மக்கல், பிளக்ஸ் கடையிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு வாசகம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். 'இறங்கல்' என்று வந்தால் கேட்காமலே திருத்திவிடுவேன், துக்க வீட்டில் போய் இலக்கணம் பேச முடியாது. சண்டை வருவது 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' பலகைக்குத்தான். 'சுவரில்' என்று அடித்துக் கொடுத்தேன். தப்பு என்று திருப்பிக் கொண்டுவந்தார் ஒருவர். ஆறு, கிணறு, கயிறு எல்லாம் 'று'வில் முடிகிறவை. அதனால் ஆற்றில், கிணற்றில், கயிற்றில். சுவர் 'ர்' என்று முடிகிறது, அதற்கு 'ற்ற' எங்கிருந்து வரும்? டீ வாங்கிக் கொடுத்து விளக்கிய பிறகுதான் பலகையை எடுத்துப் போனார். பார்க்கிற இடமெல்லாம் 'சுவற்றில்' என்றே இருப்பதால் சரியானது கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறது.

திருநகரிலிருந்து:

எனக்கு நேர்ந்தது வேறு. க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்துகளை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் திட்டியதால் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போட ஆரம்பித்தேன். 'எனக்கு வேலைக் கொடுத்தார்கள்' என்று குழுவில் சந்தோஷமாக எழுதினேன். சித்தி தனியாக அனுப்பினார்: "வேலை கொடுத்தா உத்தியோகம். வேலைக் கொடுத்தா முருகன் கையில இருக்குற வேலு." திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், அங்கே அபிஷேகமே வேலுக்குத்தான்! 'ஐ' உருபு வெளியே தெரிந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று வரும்: இட்லியைத் தின்றேன். தெரியாவிட்டால் வராது: இட்லி தின்றேன். பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் அனுப்பும் முன் அந்த 'ஐ'யை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

மறுபடி, பரவையிலிருந்து:

வரும் வாரம் அப்பாவுக்கு முதல் வருடத் திதி. செய்தியை எழுதிப் பெரியப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். பரவை சரியாக இருந்தது. 'அப்பாவை பற்றி' என்ற இடத்தில் ஒரு 'ப்' மட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.